சுண்ணாம்பில் பத்து நாள்

போன மாதம், நான் ஆயுசில் பாதியைக் கழித்த ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஒரு பிள்ளை என் வீடு தேடி வந்தார். ரசாயனம் படித்தவர். பெரிய மரப் பீப்பாய்க்குள் தோலைப் போட்டு இயந்திரத்தால் சுற்றுகிற முறை இப்போது அங்கே வந்துவிட்டது. பழைய சுண்ணாம்புக் குழிகளை மண் போட்டு மூடப் போகிறார்களாம். மூடுவதற்குள் பழைய வழக்கங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார்.

“மேஸ்திரி, உங்க காலத்துல மாட்டுத்தோல் சுண்ணாம்புல எத்தனை நாள் கிடக்கும்?” என்று கேட்டார்.

“பத்து நாள்” என்றேன்.

மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள், திரும்பக் கூப்பிடலாமா என்று வாசலுக்கு வந்துவிட்டேன். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதே பத்து நாளால் எங்கள் ஷாப்பில் ஒரு மனிதனுடைய பிழைப்பு போக இருந்தது. அதைச் சொல்லாமல் பத்து நாள் என்று மட்டும் சொல்லி அனுப்பியது, கிணற்றின் ஆழத்தைச் சொல்லிவிட்டு உள்ளே படி உடைந்திருப்பதைச் சொல்லாமல் விட்ட மாதிரி இருந்தது. நம் தொழிலாளர் பத்திரிகைக்கு ஏதாவது எழுதும்படி சங்கத்தார் வெகுநாளாகக் கேட்டு வருகிறார்கள். இதையே எழுதிவிடுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வகுத்தல் கணக்கு ஆரம்பித்த வாரம் எங்கள் நைனாவுக்குக் காய்ச்சல் வந்தது; அவர் எழுந்திருக்கவில்லை. அதனால் வகுத்தல் என்றால் எனக்கு இன்றைக்கும் ஒரு பயம் உண்டு. ஷாப்பில் தண்ணீர் இறைத்தேன், உப்புத்தோல் அலசினேன், ஆவாரம்பட்டை சுமந்தேன், பிறகு சுண்ணாம்புக் குழிக்கு வந்தேன். சுண்ணாம்பில் நின்றால் காலில் தோல் உரியும் என்று புங்க எண்ணெயை முழங்கால் வரைக்கும் தடவிக்கொண்டு இறங்குவோம். வீட்டிலும் அந்த வாசனைதான். மற்றவர்கள் ஒருமுறை தொட்டுப் பார்க்கிற தோலை நான் மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன் என்பதற்காகவே என்னை மேஸ்திரி ஆக்கினார்கள் என்று நினைக்கிறேன். வேறு திறமை எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். பச்சைத்தோலைப் பதனிடுகிற பட்டைத் தண்ணீரில் போடுவதற்கு முன்பு முடியை எடுக்க வேண்டும். அதற்காகத்தான் சுண்ணாம்புக் குழி. சுண்ணாம்புப் பாலில் ஊறினால் முடியின் வேர் தளரும். பிறகு சாய்வாக நிறுத்திய மரத்தின் மேல் தோலை விரித்து, மழுங்கிய கத்தியால் ஆட்கள் முடியை வழித்து எடுப்பார்கள். ஊறியது போதவில்லை என்றால் முடி வராது. ஊறியது அதிகமானால் முடி நன்றாக வரும். ஆனால் தோலின் உள்சதை கரைந்து, பதனிட்ட பிறகு பழைய துணிபோல் தொளதொள என்று ஆகிவிடும். கம்மியானதை உடனே தெரிந்துகொள்ளலாம். ஜாஸ்தியானது தெரிய வாரக்கணக்காகும். இந்த வித்தியாசத்தில்தான் எங்கள் கதையே இருக்கிறது.

பழைய முறையில் ஒரு குழியை ஒரே நாளில் இருநூறு தோல் போட்டு நிரப்புவோம். தினமும் காலையில் எல்லாவற்றையும் வெளியே இழுத்து அடுக்கி, சுண்ணாம்பைக் கிளறித் திரும்ப உள்ளே போடுவோம். பத்தாம் நாள் மொத்தமாக வெளியே எடுப்போம். எல்லாத் தோலுக்கும் ஒரே வயது. இதில் குறை ஒன்றுதான்: குழி காலியாகிற நாளில் முடி வழிக்கிற மரத்து ஆட்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, மற்ற நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தோலுக்கு இவ்வளவு என்று கூலி. உட்கார்ந்த நாளில் அடுப்பும் உட்கார்ந்துவிடும்.

ஜெர்மன் சண்டை வந்தது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும் என்று மாட்டுத்தோலைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் மேனேஜர் கபூர் சாயபு அப்போதுதான் முறையை மாற்றினார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மேல்விஷாரத்துக்காரர். மெலிந்த ஆள். வெள்ளை ஜிப்பாவில் ஒரு பொட்டு சுண்ணாம்பு பட்டு நாங்கள் பார்த்ததில்லை. குழியண்டை வந்தால் முதலில் வலது சட்டைக் கையை நான்கு மடிப்பாக மடிப்பார். அவசரமே இல்லாமல், படுக்கை விரிக்கிற மாதிரி. பிறகு குனிந்து குழியை முகர்ந்து பார்ப்பார். இடுக்கியால் எடுத்துக் காட்டிய தோலின் கழுத்துப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து முடிக்கு எதிராக ஒரு தள்ளு தள்ளுவார். முடி வழுக்கிக்கொண்டு வந்தால் “ம்” என்பார். வராவிட்டால் நம் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அந்தப் பார்வைக்குப் பதில், திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

புதிய முறையை அவர் இப்படிச் சொன்னார். “தேவராஜு, குழியில இருநூறு தோல் எப்பவும் இருக்கட்டும். காலையில இருபது எடு, புதுசா இருபது போடு. தினமும் மரத்து ஆளுங்களுக்கு இருபது வந்துடும். இருநூறை இருபதால வகு. எவ்ளோ?”

வகுத்தல் என்றதும் நான் விரலை மடக்க ஆரம்பித்தேன். அவரே சொன்னார்: “பத்து. தோலு உள்ள வந்து பத்து நாள் இருந்துட்டுப் போகும். முன்ன இருந்த அதே பத்து.”

“எது முன்ன வந்ததுன்னு எப்படித் தெரியும் சாயபு? பால்ல எதுவும் கண்ணுக்குத் தெரியாதே.”

“நல்லாக் கலக்கச் சொல்லு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.”

குழியைக் கலக்குகிற வேலை முனுசாமியுடையது. சோளிங்கர்ப் பக்கத்து ஆள்; வருஷத்துக்கு ஒருமுறை மலையேறி நரசிம்மரைக் கும்பிட்டு மொட்டை போட்டு வருவான். கலக்குவதற்கென்று நுனியில் பலகை அறைந்த ஒரு நீண்ட கழி உண்டு. அதை அவன் குழியின் நான்கு மூலையிலும் அடிவரைக்கும் இறக்கி, கீழே கிடப்பதை மேலே கொண்டுவந்து, மேலே இருப்பதைக் கீழே அனுப்புவான். இருநூறு மாட்டுத்தோல் கிடக்கிற குழியை அப்படிப் புரட்டுவது லேசு இல்லை. தோள் இரண்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் அவனுக்கு. கலக்கி முடித்ததும் இடுக்கியை விட்டுக் கைக்கு அகப்பட்ட இருபதை இழுத்துப் போடுவான்.

எல்லோருக்கும் சந்தோஷந்தான். மரத்து ஆட்களில் மூத்தவர் ஆபிரகாம் அண்ணன், வாய்க்குப் பூட்டு இல்லாதவர். முதல் மாதம் கூலி வாங்கின அன்று, “சாயபு புண்ணியத்துல என் பொஞ்சாதி எங்கூடப் பேசுறா” என்றார். “அதான் பேஜார்.”

சில தோல்கள் முடி வராமல் வரும். நேற்றுப் போட்டதே இன்று இடுக்கியில் மாட்டியிருக்கும். ஆபிரகாம் அண்ணன் அதை மரத்திலிருந்து உருவி, “மேஸ்திரி, இது இன்னும் மாடாத்தான் இருக்குது, புல்லு போடு” என்று என் காலடியில் வீசுவார். அதைத் திரும்பக் குழியில் போட்டுவிடுவோம். பச்சையானது தானே வாய்விட்டுக் கத்திவிடும். அதனால் மோசம் வரவில்லை. வேறு சில தோல்களில் கத்தி வைத்ததும் முடி பாளம் பாளமாக வழுக்கிக்கொண்டு வரும். “இது பாரு, வெண்ணெய்” என்று சந்தோஷப்பட்டு அதை மடித்து வைப்பார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். குறை சொல்லாமல் வருகிறதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

நாலைந்து மாதம் கழித்துச் சென்னையிலிருந்து சரக்கு திரும்பியது. கட்டுக்குக் கட்டு இரண்டு மூன்று தோல் தொளதொள. மடித்து விரலால் அழுத்தினால் மேல்தோல் சுருக்கம் விழுந்து அப்படியே நின்றது. பட்டாளத்துச் சரக்கு என்பதால் முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யார் கெடுத்தது என்று கேட்டார். உப்புத்தோல் வியாபாரி மேல் கொஞ்சம் சந்தேகப்பட்டார்கள், பட்டைக்காரன் மேல் கொஞ்சம். கடைசியில் சுண்ணாம்புதான் என்று ஆயிற்று. சுண்ணாம்பு என்றால் முனுசாமி. சோம்பேறித்தனமாகக் கலக்குகிறான், அடியில் கிடப்பது அடியிலேயே கிடக்கிறது என்றார்கள். அவனை அனுப்பிவிடு என்று உத்தரவு வந்தது.

எங்கள் ஊரில் ஒரு ஷாப்பில் வேலை போனால் இன்னொரு ஷாப் உண்டு. ஆனால் தோலைக் கெடுத்தவன் என்று பெயர் எடுத்தால் பாலாற்றுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எங்கேயும் சேர்க்க மாட்டார்கள். கபூர் சாயபு முதலாளியிடம் போய், “இந்த மாசம் முடியட்டும், குழியை நான் ஒரு தரம் பாக்கணும்” என்று தவணை வாங்கி வந்தார். ஆனால் பெயர் அதற்குள் போய்விட்டது. அடுத்த சந்தைக்குள் வாணியம்பாடி வரைக்கும் தெரிந்துவிட்டது.

முனுசாமிக்குத் தெரிந்த பதில் கழிதான். இன்னும் ஓங்கிக் கலக்கினான். காலையில் ஒரு தரம் என்பது போய், மத்தியானமும் கலக்கினான். உள்ளங்கை வெடித்துப் போயிற்று. அந்த வெடிப்பில் சுண்ணாம்பு இறங்கினால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பேசினது அவன் மனைவி கன்னியம்மா. எங்கள் ஷாப்பிலேயே பட்டை இடிக்கிறவள். நானும் சாயபும் குழியண்டை நிற்கிறபோது நேரே வந்து நின்றாள். பட்டைத் தூள் தலையெல்லாம் சிவப்பாகப் படிந்திருந்தது.

“மேஸ்திரி, எம் புருஷன் சோம்பேறியா?”

“நான் அப்படிச் சொல்லலையே கன்னியம்மா.”

“சொல்லலை. சொல்லாமலும் இருக்கலையே? நீங்க சொல்லாததை ஊரே சொல்லுது.” பிறகு சாயபுவைப் பார்த்தாள்; முந்தானையைத் தோளில் இழுத்துக்கொண்டாள். “சாயபு, ஒரு பானைக்கு ஒரு சோறு பதம்னு நீங்க சொன்னீங்களாம். அது ஒரே வாட்டி உலையில போட்ட அரிசிக்கு. நாழிக்கு ஒரு பிடி பச்சரிசி போட்டு, நாழிக்கு ஒரு கரண்டி சோறு எடுத்துட்டே இருந்தா, எந்தச் சோறை நசுக்கிப் பாப்பீங்க?”

 மேனேஜரிடம் யாரும் அப்படிப் பேசினதில்லை. சாயபு மடித்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கினார். “நீ போ அம்மா” என்றார். கோபம் இல்லை. 

மறுநாள் காலையில் உள்ளே போக இருந்த இருபது தோலையும் தரையில் விரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் வால் அடியிலும் கத்தியால் இரட்டை வெட்டு வெட்டச் சொன்னார். சுண்ணாம்பில் சாயம் நிற்காது, நூல் அவிழ்ந்துவிடும். வெட்டு மட்டும் கடைசி வரைக்கும் இருக்கும். “இனிமே மரத்து மேல வர்ற ஒவ்வொரு தோலோட வாலையும் நீ பாக்கணும். இரட்டை வெட்டு வந்தா சுவத்துல கரியால ஒரு கோடு, பக்கத்துல எத்தனாவது நாள்னு எழுது. பச்சையா வந்தாலும் திரும்பக் குழியில போடாதே. வேற தொட்டியில போடு. முனுசாமி எப்பவும் போலக் கலக்கட்டும்.”

வேலையைச் சரியான ஆளிடம்தான் கொடுத்தார். வாலைப் பார்க்காமல் ஒரு தோலும் என்னைத் தாண்டவில்லை. ஆபிரகாம் அண்ணன், “மேஸ்திரிக்கு வாலுன்னா உசுரு” என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

மறுநாளே இரண்டு வந்துவிட்டன. முடி அசையவில்லை. அதற்கடுத்த நாள் ஒன்று, அப்புறம் இரண்டு.  பத்து நாள் இருக்க வேண்டியது இப்படி ஓடி வருகிறதே, இதுதான் நோய் என்று சாயபுவிடம் ஓடினேன். “கோடு போடு” என்றார், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டன. பிறகு வரவு குறைந்தது. ஒரு நாள் ஒன்று, இரண்டு நாள் சும்மா, மறுபடி ஒன்று. மூன்று வாரம் முடிகிறபோது சுவரில் பதினேழு கோடுகள். மாத முடிவும் நெருங்கிவிட்டது.

சாயபு வந்து சுவரைப் பார்த்தார். கரித்துண்டை வாங்கி, கோடுகளுக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்த நாள்களைக் கூட்டினார், பதினேழால் வகுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏழு வந்தது.

“ஏழா?” என்றேன். “பத்து இல்லையா சாயபு? அப்போ கணக்கு தப்பா?”

“கணக்கு தப்பாவ முடியாது” என்றார் மெதுவாக. “இருநூறு கிடக்குது, இருபது போகுது, இருபது வருது. பத்து வந்தே தீரணும்.” கரியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். முதன்முதலாக அவர் விரல் கறுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். “பதினேழு தோலு ஏழு ஏழா எடுத்துட்டுப் போய்டுச்சு. பாக்கி நாளெல்லாம் எங்க இருக்குது?”

நான் கோடுகளை இன்னொரு தரம் எண்ணினேன்.

“வராத மூணுல இருக்குது தேவராஜு. அந்த மூணும் எல்லார் பாக்கியையும் சுமந்துட்டு உள்ள கிடக்குது.”

நான் வகுத்தலுக்குப் பயந்தவன்தான். ஆனால் இது எனக்குப் புரிந்தது. நான் மூன்று வாரமாக ஓடி வந்த தோலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். பயப்பட வேண்டியது வராததைப் பார்த்து. அந்த மூன்று மட்டுமா? ஒவ்வொரு நாள் போட்ட இருபதிலும் இப்படி இரண்டு மூன்று தங்கியிருக்கும். ஆபிரகாம் அண்ணன் வெண்ணெய் என்று கொண்டாடினது அவற்றைத்தான்.

“குழியை முழுசா எடுத்துப் பாக்கணும் சாயபு” என்றேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம். குழியை முழுதும் எடுத்தால் அன்றைக்கு மரத்தில் வேலை இல்லை. மரத்து ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவில்லை. ஆபிரகாம் அண்ணன், “வாலு பாத்தது போதாதுன்னு இப்ப வயித்துல அடிக்கிறான்” என்றார். ஆனால் அவரும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இழுக்க வந்தார்.

முனுசாமி எண்ணெய் தடவிக்கொண்டு நின்றான்.  அவன் பயம் எனக்குத் தெரியும். மூன்று தோலும் அடிச் சேற்றில் புதைந்து கிடந்தால், கலக்கவில்லை என்ற பழி உறுதியாகிவிடும். எனக்கும் அதே பயந்தான். அவனைக் காப்பாற்றப் போய் நானே குழி தோண்டிவிட்டேனோ என்று தோன்றியது.

மேலிருந்து ஒவ்வொன்றாக இழுத்தோம். நான் வாலைப் பார்த்தேன். கை நனைவதற்குள், மேல் அடுக்கிலேயே ஓர் இரட்டை வெட்டு வந்தது. இடுக்கிக்கு எட்டுகிற தூரத்தில் அத்தனை நாளும் இருந்திருக்கிறது. இரண்டாவது நடுவில். மூன்றாவது அடிக்குக் கொஞ்சம் மேலே. அவற்றோடு வேறு சிலவும் வந்தன: அரக்கோணத்து வியாபாரி ஒருவர் தம் சரக்குக்கெல்லாம் வலது காதை அறுத்துவிடுவார், அவர் சரக்கு வருவது நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. காது அறுந்த தோல் ஏழெட்டு கிடைத்தது. அவையும் அப்படித்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு என்று குழி முழுக்கச் சிதறிக் கிடந்தன. சாயபு ஒன்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பள்ளம் விழுந்தது, எழும்பவில்லை.

கடைசியாக அடி தெரிந்தது. அங்கே ஒன்றுமே புதைந்து கிடக்கவில்லை. அடிச் சேறு கூடக் கெட்டியாகாமல் கூழாக இருந்தது. அவ்வளவு நன்றாகக் கலக்கியிருந்தான்.

முனுசாமி குழிக்குள் நின்றபடியே கேட்டான். “நான் கலக்கலையா சாயபு?”

“நீ கலக்கின மாதிரி இந்த ஊர்ல யாரும் கலக்கினதில்லை” என்றார் சாயபு. “அதான்பா சங்கதி. நல்லாக் கலக்கின குழியில யாருக்கும் முறை கிடையாது. நேத்து வந்ததும் போன மாசம் வந்ததும் ஒண்ணா நிக்குது. இடுக்கிக்கு எது மாட்டுதோ அது போகுது. மாட்டாதது மாட்டாமயே இருக்குது. நீ ஜாஸ்தி கலக்கக் கலக்க முறை இன்னும் கெடும்.”

முனுசாமி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் கஷ்டமாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக அவன் தன் பெயரைக் காப்பாற்றச் செய்த காரியமெல்லாம் எதிர்ப்பக்கம் வேலை செய்திருக்கிறது.

அப்போது சாயபு ஒரு காரியம் செய்தார். காது அறுந்த தோல் ஒன்றையும், இரட்டை வெட்டுத் தோல் ஒன்றையும் எடுத்து, சுண்ணாம்பு சொட்டச் சொட்டத் தம் தோளில் போட்டுக்கொண்டார். ஜிப்பா முழுக்க வழிந்தது. ஆள் விட்டு அனுப்பியிருக்கலாம். தாமே சுமந்துகொண்டு முதலாளியின் அறைப் பக்கம் நடந்தார். “தேவராஜு, வா” என்றார். நான் நாலடி தள்ளிப் பின்னால் போனேன்.

முதலாளி அவரை அந்தக் கோலத்தில் பார்த்து எழுந்துவிட்டார். சாயபு இரண்டு தோலையும் தரையில் போட்டார்.

“முனுசாமி கெடுக்கலை பெரிய சாயபு. என் கணக்குதான் கெடுத்தது.”

“கணக்குத் தப்பா?”

“சரியான கணக்கு. பத்து நாள் வருது.”

“சரியான கணக்கு எப்படிய்யா தோலைக் கெடுக்கும்?”

சாயபு சொன்னார்: “உங்க வீட்டு ஷாதியில ஆளுக்கு ஒரு தட்டுன்னு பிரியாணி ஆக்கினோம். நூறு பேரு, நூறு தட்டு. கணக்கு சரியா இருந்துது. ஆனா உங்க மச்சான் மூணு தட்டு சாப்பிட்டாரு. பசியோட போனவங்க யாருன்னு இன்னி வரைக்கும் உங்க வீட்டுல பேசுறாங்க.”

முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டார். தோலைக் காலால் புரட்டிப் பார்த்தார். பிறகு, “அந்த ஆளை இருக்கச் சொல்லு” என்றார். சாயபு தலையாட்டிவிட்டு, அறையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் தம் ஜிப்பாவைப் பார்த்தார். “இது இனிமே வெளுக்காது இல்ல?” என்று என்னைக் கேட்டார். வெளுக்காது என்றேன்.

பழையபடி இருநூறையும் ஒரே நாளில் போட்டு எடுக்கிற முறைக்குத் திரும்பலாம் என்று நான் சொன்னேன். எனக்கு அதுதான் நிம்மதி. ஆனால் மரத்து ஆட்கள் மறுபடி பட்டினி கிடப்பார்களே என்றார் சாயபு. பெரிய குழியை ஐந்து சின்னக் குழிகளாகத் தடுத்துக் கட்டினார். குழிக்கு நாற்பது தோல். முதல் குழியில் இரண்டு நாள் இருந்த நாற்பதும் சேர்ந்து இரண்டாம் குழிக்குப் போகும். பிறகு மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாம் குழியிலிருந்து வெளியே வருவதை மரத்து ஆட்கள் இரண்டு நாளுக்குப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதே இருநூறு தோல், நாளைக்கு அதே இருபது, அதே பத்து நாள். ஆனால் இப்போது ஒவ்வொரு தோலுக்கும் அதே பத்து நாள். ஒன்று முந்த வழியில்லை, ஒன்று பதுங்கவும் வழியில்லை.

பதுங்க வழியில்லை என்று எழுதிவிட்டேன்; மனசு கேட்கவில்லை. ஒரு வழி இருந்தது. குழியை மாற்றுகிறபோது ஒரு தோல் மூலையில் ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டால்? இந்தக் கவலையை நான் சாயபுவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் முனுசாமி, “நான் இறங்கிப் பாக்குறேன் மேஸ்திரி” என்றான். அன்றிலிருந்து குழி காலியானதும் அவன் கூழுக்குள் இறங்கி, நான்கு மூலையும் கையால் தடவுவான். தடவி முடித்ததும் “அடி தொட்டேன்” என்று சத்தமாகச் சொல்வான். நான் மேலிருந்து “ஆச்சு” என்பேன். அதற்குப் பிறகுதான் புதுத் தோல் உள்ளே போகும். அந்த இரண்டு சொல்லும் இல்லாமல் எங்கள் ஷாப்பில் குழி நிரப்பினதில்லை. வேறு ஷாப்புகளில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று கேள்வி.

பெயர் விஷயம் மிச்சம் இருந்தது. கன்னியம்மா என்னைக் கேட்டாள்: “கெட்ட பேரு சந்தை சந்தையா போச்சு. நல்ல பேரை யாரு சுமந்துட்டுப் போவா, மேஸ்திரி?”  அதைச் சுமந்தது ஆபிரகாம் அண்ணன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடையில், நாலு ஷாப்பு ஆட்கள் இருக்கிற இடத்தில், மேனேஜர் சுண்ணாம்புத் தோலை மாப்பிள்ளை மாலை மாதிரி போட்டுக்கொண்டு நடந்ததையும், முனுசாமி கழியால் தோலுக்கெல்லாம் வந்த நாளே மறந்துபோகிற மாதிரி ராட்டினம் சுற்றிவிட்டதையும் நடித்தே காட்டினாராம். “வெண்ணெய் வெண்ணெய்னு நான்தான்டா கெட்டதையெல்லாம் மடிச்சு வெச்சேன், என்னை எவனாவது கேட்டானா?” என்றாராம். ஒரு மாதத்துக்குள் அந்தக் கதை பேர்ணாம்பட்டு வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சரியாக இருந்தும் உதவாத எதையும் ‘பத்து நாள் கணக்கு’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கூலி வாங்கின கை, வீடு போய்ச் சேருவதற்குள் காலியாகிவிட்டால் அதற்கும் அதே பேர்.

முனுசாமி வயசாகி வேலையை விடுகிற வரைக்கும் எங்கள் ஷாப்பில்தான் இருந்தான். கலக்குகிற கழியைப் பிறகு அவன் அதிகம் தொடவில்லை. இறங்கித் தடவுவதுதான் அவன் வேலை. எத்தனையோ வருஷத்தில் மூலையில் தங்கின தோலென்று நாலோ ஐந்தோ கிடைத்திருக்கும். கிடைக்கிறபோது கையில் தூக்கிக் காட்டுவான், தொலைந்த ஆட்டைக் கொண்டுவருகிறவன் மாதிரி.

ரசாயனப் பிள்ளைக்கு நேற்று ஆள் விட்டு அனுப்பினேன். இன்று காலையில் வந்தார். பீப்பாயில் போடுகிற தோலெல்லாம் ஒன்றாகப் போய் ஒன்றாகத்தான் வெளியே வரும், எனக்குக் கவலையே வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். சந்தோஷம் என்றேன். போன தடவை நான் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

“பத்து நாள் இல்லையா, மேஸ்திரி?”

“பத்து நாள்தான் தம்பி” என்றேன். “அடி தொட்டிருந்தா.”

அவர் எழுந்து வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து, பீப்பாயைக் காலி செய்த பிறகு உள்ளே யாராவது கை விட்டுப் பார்க்கிறார்களா என்று தமக்குத் தெரியாது என்றார். போய்க் கேட்கிறேன் என்றார்.